லினக்ஸில் உதவி கேட்பதும் லினக்ஸில் வேலை தேடுவதும்

“உபுண்டு போட்டேன், வைஃபை சரியில்லை, யாராவது உதவுங்கள்.” லினக்ஸ் பயனர்கள் கூடும் எந்த அரட்டைக் குழுவிலும் இப்படி ஒரு கேள்வியைப் பார்க்கலாம். பெரும்பாலும் பதில் வராது. கேட்டவர், இந்தச் சமூகமே திமிர் பிடித்தது என்று முடிவுகட்டி விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார். உண்மையில் படித்த பலருக்குப் பதில் சொல்ல ஆசைதான். ஆனால் அந்த ஒரு வரியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எந்தச் சிப், எந்தக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), “சரியில்லை” என்றால் இணைப்பே வரவில்லையா, வந்து அறுந்து போகிறதா?

இதே புகாரைச் சரியாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்ற வைஃபை சிப் நல்ல எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் விற்ற விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் இது இருந்தது. இரண்டு ஆன்டெனா இணைக்க இடமுள்ள அட்டையில் செலவைக் குறைக்க ஒன்றை மட்டும் இணைத்து விற்றார்கள். எந்த முனையில் ஆன்டெனா இருக்கிறது என்று சிப்புக்குள் எழுதிவைத்த குறிப்பு சில மாடல்களில் தவறாக இருந்தது. லினக்ஸ் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) அந்தக் குறிப்பை நம்பி, ஆன்டெனா இல்லாத முனையில் காது வைத்துக் கேட்கும். ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தால் இணைப்பு வரும். அடுத்த அறைக்குப் போனால் செத்துவிடும்.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே தெரிவோடு ஓட்டினால், சிப்பின் பெயரும் அடையாள எண்ணும் (இங்கே 10ஈசி:பி723) அதைக் கையாளும் டிரைவரின் பெயரும் வந்துவிடும். ஐடபிள்யூ கட்டளையில் லிங்க் என்று கேட்டால் சிக்னல் அளவு டெசிபல் கணக்கில் தெரியும். மைனஸ் 50 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 80 என்றால் பெயருக்கு இருக்கிறது. “ரூட்டர் அருகில் மைனஸ் 45, மூன்று மீட்டர் தள்ளினால் மைனஸ் 82, சிப் இது, கர்னல் இது” என்று கேள்வி வந்தால், தெரிந்தவர் ஒரே வரியில் பதில் சொல்வார்: ஈடிசி அடைவில் உள்ள மோட்ப்ரோப்.டி-க்குள் ஒரு கோப்பு உருவாக்கி, “ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2” என்று எழுதிச் சேமி, கணினியை மீண்டும் துவக்கு. 2 சரிவரவில்லை என்றால் 1 போட்டுப் பார். அவ்வளவுதான்.

அந்தப் பதிலைவிடக் கேள்விக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். கேட்டவர் அறிகுறியை எண்ணாக மாற்றினார், பிழை எப்போது வருகிறது எப்போது வரவில்லை என்று பிரித்துக் காட்டினார், பாகத்தை அடையாளம் கண்டார். லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சம்பளம் கொடுப்பதும் இதற்காகத்தான். உதவி கேட்கப் பழகுவதை ஒரு தனி விஷயமாகவும் வேலை தேடுவதை வேறொரு விஷயமாகவும் பார்ப்பவர்கள் இரண்டிலும் சிரமப்படுகிறார்கள்.

கேள்வியோடு போக வேண்டிய தகவல்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. டிஸ்ட்ரோவின் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகையின்) பெயரும் பதிப்பும் ஈடிசி அடைவில் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் இருக்கும். கர்னல் பதிப்பை யூநேம் -ஆர் சொல்லும். பிழைச் செய்தியை முழுதாக, எழுத்து வடிவில் ஒட்ட வேண்டும். செல்போனில் திரையைப் படம் எடுத்துப் போட்டால், அந்தச் செய்தியைத் தேடிப்பார்க்கக்கூட உதவுபவரால் முடியாது. கணினி உறைந்து போய், அணைத்து மீண்டும் போட்டிருந்தால், முந்தைய ஓட்டத்தின் பதிவு வேண்டும். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் -பி -1 என்று கொடுத்தால் அது வரும். சில அமைப்புகளில் பதிவுகள் நினைவகத்தில் மட்டுமே தங்கும்; அங்கே வார்-லாக் அடைவுக்குள் ஜர்னல் என்றொரு அடைவை உருவாக்கி வைத்தால்தான் அடுத்த முறையாவது பதிவு வட்டில் தங்கும். இதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே செய்துவைப்பது நல்லது.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். பிழைச் செய்தி தமிழில் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, வெளிநாட்டுக்காரருக்குக் காட்டினாலும் புரியாது. கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று சேர்த்து ஓட்டினால் அந்த ஒரு முறை மட்டும் ஆங்கிலத்தில் வரும். இடைமுகத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஒட்டுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். கடவுச்சொல், டோக்கன், பொது ஐபி முகவரி, வீட்டு வைஃபையின் பெயர் ஆகியவற்றை மறைத்துவிடலாம். ஆனால் பிழைச் செய்தியின் நடுவில் “தேவையில்லாத” வரிகளை வெட்டக் கூடாது. எது தேவையில்லாதது என்று தெரிந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. முயன்று பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவதும் முக்கியம். இணையத்தில் கண்ட ஐந்து கட்டளைகளைச் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு ஓட்டிவிட்டு அதை மறைத்துக் கேட்டால், உதவுபவர் மூலப் பிரச்சினையை விட்டுவிட்டு அந்த ஐந்து கட்டளைகள் செய்த சேதத்தைத் துரத்திக்கொண்டிருப்பார்.

எங்கே கேட்பது என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆர்ச் லினக்ஸின் உதவித்தளத்தில், அதிலிருந்து கிளைத்த மஞ்சாரோவின் பயனர் கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். வம்பு ஒன்றும் இல்லை; மஞ்சாரோவின் பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) வேறு களஞ்சியத்திலிருந்து, வேறு நேரத்தில் வருகின்றன. ஆர்ச்சில் சரியாக இருக்கும் தீர்வு அங்கே அமைப்பையே உடைக்கலாம். அதே ஆர்ச்சின் விக்கியை மட்டும் எந்த டிஸ்ட்ரோக்காரரும் தயங்காமல் படிக்கலாம். டெபியனிலோ ஃபெடோராவிலோ கோப்பு இருக்கும் இடம் சற்று மாறும், விளக்கம் மாறாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் பயனர்களுக்கு அதன் கையேடே இந்த விக்கியின் இடத்தில் இருக்கிறது. உடனடி உரையாடல் வேண்டுமென்றால் ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறை. 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பில் நடந்த நிர்வாகச் சண்டைக்குப் பிறகு பெரும்பாலான திட்டங்கள் லிபரா.சாட்டுக்குப் போய்விட்டன, பழைய கட்டுரைகளைப் பார்த்து ஃப்ரீநோடில் போய்க் காத்திருக்க வேண்டாம். ஐஆர்சியில் கேட்டுவிட்டு ஐந்தே நிமிடத்தில் வெளியேறிவிட்டால் பதில் வந்ததே தெரியாது. பதில் தெரிந்தவர் அப்போது வேறொரு நேர மண்டலத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பிரச்சினை தீர்ந்ததும், எது தீர்த்தது என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். “நானே சரிசெய்துவிட்டேன், நன்றி” என்று மட்டும் எழுதி மறைபவரை, மூன்று ஆண்டுகள் கழித்து அதே பிழையோடு வந்து படிப்பவர்கள் மனதாரத் திட்டுவார்கள்.

தமிழ்நாட்டில் இந்த உதவியை நேரில் பெறவும் வழி உண்டு. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து இயங்குகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது அதன் பழைய வழக்கம். காஞ்சிபுரத்தில் காஞ்சி லக், விழுப்புரத்தில் விழுப்புரம் ஜிலக் என்று ஊர்க்குழுக்கள் இருக்கின்றன. விழுப்புரத்தார் கிராமப்புற மாணவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்து வருகிறார்கள். 2023 ஜனவரியில் டெபியன்காரர்களின் சிறு மாநாடான மினி டெப்கான்ஃப் அந்த ஊரில்தான் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெப்கான்ஃப் கொச்சிக்கு வந்தது. இப்படிப்பட்ட கூட்டங்களில் நடக்கும் பேச்சுகளைவிட, தேநீர் இடைவேளையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து நடக்கும் பழுதுபார்ப்பில் கற்றுக்கொள்வது அதிகம். எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது என்ற சேதியும் பெரும்பாலும் அங்கேதான் காதில் விழும்.

இனி வேலைக்கு வருவோம். வேலை விளம்பரங்களில் “லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும்” என்ற ஒரே வரிக்குப் பின்னால் நான்கைந்து வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. புதியவருக்கு எளிதில் திறக்கும் கதவு, இணையதள ஹோஸ்டிங் நிறுவனங்களின் உதவி மேசை. இரவுப் பணி இருக்கும், ஆரம்பச் சம்பளம் குறைவு. ஆனால் அங்கே ஓராண்டில் கைக்கு வரும் சிக்கல்களின் எண்ணிக்கை, வேறு இடத்தில் மூன்றாண்டு இருந்தாலும் கிடைக்காது. அடுத்தது வங்கி, தொலைத்தொடர்பு, காப்பீட்டு நிறுவனங்களின் சர்வர் நிர்வாகம். அங்கே பெரும்பாலும் ரெட் ஹாட் அல்லது சூசே நிறுவனத்தின் லினக்ஸ் ஓடும், மாற்றம் எதையும் அனுமதி வாங்கித்தான் செய்ய முடியும். டெவ்ஆப்ஸ் என்ற பெயரில் வருவது, லினக்ஸ் நிர்வாகத்தோடு நிரல் எழுதும் திறனும் கேட்பது. கருவிகளுக்குள்ளேயே ஓடும் எம்பெடெட் லினக்ஸ் தனி உலகம். வாகன மின்னணு, மருத்துவக் கருவி, ரூட்டர் தயாரிப்பவர்களுக்கு அதற்கான கருவிகளான யாக்டோ, பில்ட்ரூட், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ ஆகியவை தெரிந்தவர்கள் வேண்டும். சி மொழியும் கொஞ்சம் மின்னணுவியலும் உள்ளவர்களுக்கு இதில் போட்டி குறைவு என்பது என் கணிப்பு. ஏனோ நம் கல்லூரி மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சமூகத்தில் நடக்கும் மாற்றங்களே வேலையை உருவாக்குவதும் உண்டு. 2020 டிசம்பரில் ரெட் ஹாட், தன் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-ஐ 2021 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. சில மாதங்களுக்குள் ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு மாற்றுகள் எழுந்தன. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதை நம்பி ஓடிய சர்வர்களை மாற்றிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது, இன்னும் மாற்றாதவர்களுக்கு இப்போதும் தேவைப்படுகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைக் கொண்ட சிறு அலுவலகங்களுக்கு, லினக்ஸ் நிறுவி, பிரிண்டரை ஓட வைத்து, தமிழ் தட்டச்சை அமைத்துக் கொடுப்பது ஊரிலேயே செய்யக்கூடிய வேலை. ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டைச் சோதிக்க வேண்டும்: டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன் லினக்ஸில் இயங்குகிறதா, அவர்களுடைய கணக்கு மென்பொருளுக்கு வழி இருக்கிறதா. இந்த இரண்டில் ஒன்று தவறினால், பத்து கணினிகளையும் திரும்ப விண்டோஸாக்கித் தரச் சொல்வார்கள்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? மனப்பாடம் செய்த கட்டளைகளைவிட, ஒரு நிலைமையைச் சொல்லி “என்ன பார்ப்பாய்” என்பார்கள். அடிக்கடி வரும் ஒன்று: வட்டு நிரம்பிவிட்டதாக டிஎஃப் கட்டளை சொல்கிறது, ஆனால் டியூ கட்டளையால் கோப்புகளைக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே?

யாரோ ஒருவர் 40 ஜிபி லாக் கோப்பை ஆர்எம் போட்டு அழித்திருப்பார். லினக்ஸில் அழிப்பது என்றால் அடைவிலிருந்து பெயரை எடுப்பது மட்டும்தான். அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் சேவை அதை மூடும்வரை இடம் விடுபடாது. பெயர் போய்விட்டதால் டியூவின் கண்ணில் படாது. இடம் போகாததால் டிஎஃப் கணக்கில் நிற்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்ற தெரிவோடு ஓட்டினால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகள் வரும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும். முதலிலேயே ஆர்எம் போடாமல், ட்ரன்கேட் கட்டளையால் கோப்பின் அளவைச் சுழியமாக்கியிருந்தால் சேவையைத் தொடவே வேண்டியிருக்காது. இதையே மாற்றிக் கேட்பார்கள்: டிஎஃப் 60 விழுக்காடுதான் நிரம்பியிருக்கிறது என்கிறது, ஆனால் புதுக்கோப்பு உருவாக்கினால் இடமில்லை என்று வருகிறது. அப்போது டிஎஃப் -ஐ போட்டு ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் இருக்கும் ஒரு பதிவு) எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கான சின்னச்சின்னக் கோப்புகள், பெரும்பாலும் பிஎச்பி அமர்வுக் கோப்புகளோ அஞ்சல் வரிசையோ, ஐநோடுகளைத் தின்றிருக்கும்.

சான்றிதழ் தேவையா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அனுபவம் இல்லாதவருக்கு முதல் சல்லடையைத் தாண்ட உதவும். அனுபவம் உள்ளவரிடம் பல இடங்களில் கேட்பதே இல்லை. லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்டிடியூட் தரும் எல்பிஐசி-1 என்பது 101, 102 என்ற இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம். சான்று ஐந்தாண்டுக்குச் செல்லும். ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ வேறு மாதிரி. இஎக்ஸ்200 என்ற அந்தத் தேர்வில் தேர்ந்தெடுக்கும் விடைகளே இல்லை. உண்மையான கணினியில் வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும், 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ் தேர்வும் செய்முறைதான், இரண்டு மணி நேரம்.

ஆர்எச்சிஎஸ்ஏவில் நன்றாகப் படித்தவர்களும் தோற்பதற்குக் காரணம், செய்தது எல்லாம் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்பது. சேவையை ஸ்டார்ட் செய்துவிட்டு எனேபிள் செய்ய மறப்பார்கள். ஃபயர்வால் விதியைச் சேர்க்கும்போது பெர்மனன்ட் என்ற தெரிவை விட்டுவிடுவார்கள். எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு கோப்புகளுக்கு இடும் அடையாளத்தை சிஎச்கானால் மாற்றுவார்கள். அமைப்பு மறுபடி அடையாளமிடும்போது அது பழையபடி ஆகிவிடும். செமானேஜ் வழியாக விதியை எழுதி ரெஸ்டோர்கான் ஓட்டுவதுதான் சரி. எல்லாவற்றிலும் கொடியது, துவங்கும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்துப்பிழை. கணினி எழவே எழாமல் அவசர நிலைத் திரையில் நின்றுவிட்டால், அதைச் சரிசெய்யத் தெரியாதவருக்கு அந்தக் கணினியில் செய்த மற்ற வேலைகளும் சேர்ந்து போகும். எஃப்எஸ்டேபைத் தொட்டவுடன் மவுண்ட் -ஏ, பிறகு ஃபைண்ட்மவுண்ட் கட்டளையில் வெரிஃபை தெரிவு, இரண்டையும் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் தேர்விலும் காப்பாற்றும், வேலையிலும் காப்பாற்றும்.

பயிற்சிக்குத் தனி சர்வர் வாங்க வேண்டாம். 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் கேவிஎம், வர்ட்-மேனேஜர் நிறுவி, தலா 2 ஜிபி கொடுத்து இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) வைத்துக்கொள்ளலாம். பயாஸில் மெய்நிகராக்கம் முடக்கப்பட்டிருந்தால் எல்லாம் ஆமை வேகத்தில் ஓடும். முதலில் அதைப் பாருங்கள். தனிநபர்களுக்கான இலவச ரெட் ஹாட் சந்தாவில் 16 கணினிகள் வரை நிறுவலாம், இல்லையென்றால் ஆல்மா போதும். ரெட் ஹாட் 9 வரிசையை நிறுவும்போது, சிபியு எக்ஸ்86-64-வி2 என்ற திறன் நிலையை ஆதரிக்கவில்லை என்ற ஜிலிப்சி பிழையோடு நின்றுவிட்டால் கணினி பழசு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மெய்நிகர் இயந்திரத்துக்குக் கியூஈஎம்யு64 என்ற பொதுவான சிபியு கொடுக்கப்பட்டிருக்கும். அதை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ என்று மாற்றினால் தீரும். 10-ஆம் பதிப்பில் கதை வேறு. அது வி3 கேட்கிறது, ஏவிஎக்ஸ்2 இல்லாத பழைய சிபியுக்களில் ஓடாது. அந்தக் கணினிகளுக்காகவே ஆல்மாலினக்ஸ் 10 தனியாக ஒரு வி2 வெளியீடு தருகிறது.

திட்டங்களுக்குப் பங்களித்துப் பணம் பெறும் வழிகளும் இருக்கின்றன. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் 18 வயது நிரம்பியிருந்தால் சேரலாம். அவுட்ரீச்சி மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 டாலர் தருகிறது. தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்பட்டவர்களை மனதில் வைத்த திட்டம் என்பதால், விண்ணப்பத்தில் அதைப் பற்றிய கட்டுரைக் கேள்விகள் வரும். சம்மர் ஆஃப் கோடில் அறிவிப்பு வந்த பிறகு திட்டத்தைத் தேடுபவர் தாமதமாகத்தான் வருகிறார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே உள்ளே நுழைந்து சிறு திருத்தங்கள் கொடுத்தவருக்கே வாய்ப்பு அதிகம். டெபியனின் பழைய பதிப்புகளைப் பாதுகாப்போடு வைத்திருக்கும் எல்டிஎஸ் பணிக்கு, ஃப்ரீக்சியன் என்ற நிறுவனம் ஆதரவாளர்களிடம் பணம் திரட்டிப் பங்களிப்பாளர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருகிறது.

நிரல் எழுதாதவருக்கும் இடம் உண்டு. டெபியனின் வழுக்கண்காணிப்பு (பிழைகளைப் பதிந்து பின்தொடரும் முறை) முழுக்க மின்னஞ்சலில் நடக்கிறது, கணக்கு தொடங்கக்கூடத் தேவையில்லை. ரிப்போர்ட்பக் கருவி, பேக்கேஜ் பதிப்பையும் சார்புகளையும் தானே சேர்த்து அனுப்பும். பழைய வழு அறிக்கைகளை எடுத்து, இப்போதைய பதிப்பிலும் அந்தப் பிழை வருகிறதா என்று சோதித்து எழுதினாலே பராமரிப்பாளர்கள் நன்றி சொல்வார்கள். கர்னலில் முதல் திருத்தம் அனுப்ப நினைப்பவர், இன்னும் செம்மைப்படாத நிரல்கள் இருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் தொடங்கலாம். செக்பேட்ச் ஓட்டி நடையைச் சரிபார்த்து, கெட்_மெயின்டெய்னர் சொல்லும் முகவரிகளுக்கு, கிட் சென்ட்-ஈமெயில் வழியாக வெறும் எழுத்து வடிவில் அனுப்ப வேண்டும். எச்டிஎம்எல் அஞ்சல் குப்பைக்குப் போகும். “சைன்ட்-ஆஃப்-பை” வரி இல்லாவிட்டால் ஏற்க மாட்டார்கள். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது, 2004-இல் வந்தது. முதல் முறை அனுப்பியது அப்படியே ஏற்கப்படுவது அரிது. விமர்சனத்தைச் சேர்த்து வி2 (இரண்டாம் பதிப்பு) என்று குறித்து, முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் பணிவாக நினைவூட்டலாம், இரண்டு நாளில் நினைவூட்டக் கூடாது.

ஏமாற்றுகளும் இந்தப் பாதையில்தான் காத்திருக்கின்றன. “நூறு விழுக்காடு வேலை உறுதி” என்று சொல்லி முன்பணம் கேட்கும் பயிற்சி மையம், வேலைக்கு முன் “மடிக்கணினி வைப்புத்தொகை” கேட்கும் நிறுவனம், இரண்டையும் தவிர்க்கலாம். தேர்வுக் கேள்விகளை அப்படியே விற்பவர்களிடம் வாங்கினால், தேர்வெழுதும்போது ஒப்புக்கொண்ட ரகசிய உடன்படிக்கையை மீறியதாகிச் சான்றிதழே ரத்தாகலாம்.

விண்ணப்பத்தில் “லினக்ஸில் நல்ல தேர்ச்சி” என்று எழுதினால் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில், நீங்கள் அனுப்பிய வழு அறிக்கையின் எண், ஏற்கப்பட்ட திருத்தத்தின் சுட்டி, மற்றவரின் கேள்விக்கு நீங்கள் எழுதிய ஒரு விரிவான பதில் என மூன்றைப் போடுங்கள். நேர்முகம் எடுப்பவர் முன்கூட்டியே அதைத் திறந்து படித்திருந்தால், முதல் கேள்வி அதிலிருந்தே வரும். பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.